திங்கட்கிழமை அளவு

"குறைச்சுத்தான் காட்டுது தம்பி. வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமா இறங்கிட்டே வருது. மெஷினுக்கு என்னவோ ஆயிடுச்சு."

மூச்சுப் பரிசோதனை அறையில் இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் இரண்டு தடவை இருமிவிட்டாள். மூச்சை அளக்கும் கருவியின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்த மெக்கானிக் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல. காலையிலேர்ந்து கத்துற தொண்டை" என்றாள்.

அது நிஜம்தான். அந்த ஆஸ்பத்திரியில் நோயாளிகளை ஊதவைத்து அளவெடுக்கிற அவளுக்கு 'ஊதக்கா' என்று பெயர். யாராவது குழாயை வாயில் வைத்தால் போதும், "ஊதுங்க, விடாதீங்க, இன்னும், இன்னும்" என்று பக்கத்து வார்டுவரைக்கும் கேட்கும்படி கத்துவாள். அவள் சத்தத்துக்குப் பயந்தே பாதிப் பேர் முழு மூச்சையும் விட்டுவிடுகிறார்கள் என்று நர்ஸுகள் கேலி செய்வார்கள். அப்புறம் தொண்டை கட்டாமல் என்ன செய்யும்? அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

தூக்கத்தில் குறட்டை விட்டு, நடுநடுவே மூச்சு நின்று, திடுக்கிட்டு விழிக்கிறவர்களைப் பற்றிப் பெரிய டாக்டர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அவர்களுடைய நுரையீரலும் பலவீனமாக இருக்கிறதா என்று தெரிய வேண்டும். அதற்குத்தான் இவளிடம் அனுப்புவார். அளந்த காற்றைத் தள்ளிக் கருவியைச் சோதிக்கிற பெரிய பிஸ்டன் குழாய் எப்போதோ உடைந்துவிட்டது. புதுசு வரும் வரும் என்றார்கள், வரவில்லை. அதனால் டாக்டர் சொல்லிக்கொடுத்த இன்னொரு முறையில், திங்கட்கிழமை காலையில் முதல் ஆள் வருவதற்கு முன்னால், அவளே கருவியைச் சரிபார்த்துவிடுவாள். வழக்கமான அளவு வந்தால் கருவி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அந்த அளவுதான் இப்போது இறங்கிக்கொண்டே போனது.

சொன்னதும் டாக்டர் இடிந்துபோய்விட்டார். கருவி பழுது என்றால் இத்தனை மாதம் எடுத்த சோதனைகளையெல்லாம் குப்பையில் போட வேண்டியதுதான். அன்றைக்கே மெக்கானிக்குக்கு ஆள் அனுப்பினார்.

ஆராய்ச்சி பாழாய்ப் போனாலும் பரவாயில்லை, கருவி பழுதாகவே இருக்கட்டும் என்றுதான் அவள் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டாள். காரணம், வெளியே பெஞ்சில் உட்கார்ந்த நிலையிலேயே குறட்டை விட்டுக்கொண்டிருந்த பஸ் டிரைவர்.

ஓட்டும்போதே கண் அசந்து, பஸ்ஸைச் சுவரில் உரசிவிட்டு, பயந்துபோய்த் தானாகவே ஆஸ்பத்திரிக்கு வந்தவர் அவர். தூக்கத்தில் மூச்சு நிற்பதை ராத்திரியில் ஒரு முகமூடி மாட்டிச் சமாளித்துவிடலாம். ஆனால் நுரையீரலும் கெட்டிருந்தால் இனி பஸ்ஸைத் தர மாட்டோம் என்று அவருடைய கம்பெனியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். போன வாரம் ஊதியபோது அவருக்கு அளவு மிகவும் குறைவாக வந்தது. ஆறடி ஆள், குழாயைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார்.

"வண்டியும் இல்லேன்னா நான் யாரும்மா?"

அவளால் தாங்க முடியவில்லை. "அழாதீங்கண்ணே. மெஷின் கொஞ்ச நாளாவே பொய் சொல்லுது. ரிப்பேர் பாத்ததும் மறுபடி ஊதலாம்" என்று சொல்லிவிட்டாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மனுஷர் இன்றைக்கு மெக்கானிக்குக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார்.

மெக்கானிக் தன் பையிலிருந்து பிஸ்டன் குழாயை எடுத்துக் கருவியில் பொருத்தினார். ஒரு தடவை மெதுவாகத் தள்ளினார், ஒரு தடவை வேகமாக. திரையைப் பார்த்தார். பிறகு மூடியை எடுத்து மாட்டத் தொடங்கினார்.

"மெஷின் நல்லாருக்கு அக்கா."

"இன்னொரு தரம் பாருங்க தம்பி."

அவர் பிஸ்டன் குழாயை அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். அவளும் தள்ளிப் பார்த்தாள். மெதுவாக, வேகமாக, நிறுத்தி நிறுத்தி. எப்படித் தள்ளினாலும் திரையில் அளவு இம்மியும் பிசகவில்லை.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே டிரைவர் விழித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தார். என்னம்மா ஆச்சு என்று கண்ணாலேயே கேட்டார். மெஷின் பொய் சொல்லுது என்று சொன்ன அதே வாயால் இப்போது அவரிடம் என்னவென்று சொல்வது? தேவையில்லாமல் ஆசை காட்டிவிட்டோமே என்று தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. பாவம், அவர் என்ன கேட்டார், ஒரு ஸ்டீயரிங்கைத்தானே கேட்டார்.

மெக்கானிக் ஸ்குரு டிரைவரைப் பையில் போடாமல் யோசித்துக்கொண்டே நின்றார்.

"ஒண்ணு மட்டும் புரியல அக்கா. மெஷின் இத்தனை நாளும் உண்மையைத்தான் சொல்லியிருக்கு. அப்புறம் உங்க திங்கக்கிழமை அளவு மட்டும் எப்படிக் குறையும்? எதை வெச்சுப் பாத்தீங்க?"

"எதையும் வெச்சு இல்ல தம்பி. நோய் நொடி இல்லாத ஒரே ஆள் வாராவாரம் ஊதினா அளவு மாறாது, அதுல மெஷினோட லட்சணம் தெரிஞ்சிடும்னு டாக்டர் சொன்னாரு."

"சரி, யாரு ஊதினா?"

பதில் சொல்ல வாயெடுத்தவள், பாதியில் நிறுத்தி, நெஞ்சில் கை வைத்தாள்.

"நான்தான்" என்றாள், டிரைவர் உட்கார்ந்து ஊதிய அதே நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தபடி.