பட்டியலின் நான்காவது வரி

மதிய வெயில் மேசைமேல் விழுந்து கிடக்கிறது. மனைவி பழைய ரவுட்டரில் இருந்த கருவிகளின் பட்டியலைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, கணவர் புது வைஃபை ரவுட்டரில் ஒவ்வொரு பெயரையும் அடித்து, நேரே அதற்கென்று ஒதுக்கிய எண் முகவரியைப் பதிக்கிறார். பிரிண்டர், டிவி, அவள் போன். நான்காவது வரியில் அவள் விரலை வைத்துக்கொள்கிறாள். “பாப்பு லேப்டாப்.” மகள் பாப்பு காய்ச்சலில் இறந்து மூன்று மாதமாகிறது. “அது வேண்டாம்மா. இனிமே அதை யாரு தொறக்கப் போறா?” என்கிறார் அவர். “அவ லேப்டாப் நம்பரை வேற எதுக்கும் குடுத்துடாதீங்க.” அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைக்கிறார். பிறகு அடிக்கிறார், விரல் தவறுகிறது, அழித்துவிட்டு மறுபடியும் அடிக்கிறார். பதிந்ததும், பெயருக்குப் பக்கத்தில் ‘இணைப்பில் இல்லை’ என்று வருகிறது. “பரவால்லங்க,” என்கிறாள் அவள். “பேராவது இருக்கட்டும்.”