அப்பா மாட்டிவிடும் செருப்பு

"அந்தச் செருப்பை நான் தொடமாட்டேன். வேணும்னா பேட்டோவை மாட்டிவிடச் சொல்லு."

இதைச் சொல்லிவிட்டு சிப்ரியானோ, காலையிலிருந்து மூன்றாவது முறையாகப் பின்வாசல் படியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே அவர் மனைவி அம்பாரோ, வாயில் நாலு குண்டூசியோடு மகளின் கவுனுக்கு இடுப்பில் கடைசித் தையல் போட்டுக்கொண்டிருந்தாள். இளஞ்சிவப்பு கவுன். பாதி அறையை அதுவே அடைத்துக்கொண்டு நின்றது.

"மூச்சை உள்ள இழுடி."

"இழுத்துக்கிட்டுத்தாம்மா நிக்கிறேன்."

"சோளமாவுத் தமாலே வெந்துச்சான்னு பார்க்கிற வேலையை நேத்து உங்கிட்ட விட்டது என் தப்பு. வேகிறதுக்கு முன்னாலயே ஆறு காணோம்."

எல்விரா சிரிக்கவில்லை. "அப்பா ஏம்மா இப்படிப் பண்றாரு? பதினஞ்சாவது பிறந்தநாள்னா அப்பாதானே பொண்ணோட தட்டைச் செருப்பைக் கழட்டிட்டு, குதிகால் உசந்ததை மாட்டிவிடணும்? இந்த வெஸ்லக்கோ ஊர்ல எந்த வீட்டுலயாச்சும் தம்பி மாட்டிவிட்டுப் பார்த்திருக்கீங்களா?"

"அவர் கோபம் உம்மேல இல்லடி."

"அப்புறம் யார் மேல?"

வாயில் ஊசி இருப்பதைச் சாக்காக வைத்து அம்பாரோ பேசாமல் இருந்துவிட்டாள்.

எல்விரா கவுனை இரண்டு கையாலும் அள்ளிப் பிடித்துக்கொண்டு பின்கட்டுக்கு நடந்தாள். கொல்லையில் தம்பி பேட்டோ அடுப்புக் கரியை விசிறிக்கொண்டிருந்தான்.

"அக்கா, பக்கவாட்டுல திரும்பி வா. முதல்ல கவுன் வரட்டும், நீ மெதுவா அப்புறம் வா."

"நீ அடுப்பைப் பாருடா. கறி கருகுற வாசனை தெருமுனை வரைக்கும் வருது."

சிப்ரியானோ திரும்பிப் பார்க்கவில்லை.

"அப்பா."

"ஊர் சிரிக்கும்."

"ஊரையா கூப்பிட்டிருக்கேன்? நம்ம வீட்டு ஆளுங்க, என் சிநேகிதிங்க நாலு பேரு. அவ்வளவுதான்."

"அந்த நாலு பேரு போதும், ஊர் பூரா சொல்றதுக்கு." அவர் தொப்பியைக் கழற்றினார். அதற்குள் எதையோ தொலைத்தவர்போல் பார்த்தார். மறுபடி தலையில் வைத்துக்கொண்டார். "அதுவும் இவ்வளவு உசரக் குதிகால். தடுக்கி விழுந்து காலை ஒடிச்சுக்கவா?"

"முதல் ஆட்டம் உங்களோடதானே? நீங்க கையைப் பிடிச்சிருந்தா நான் ஏன் விழப்போறேன்?"

அவர் தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எனக்குப் பரிசு ஒண்ணும் வேண்டாம்ப்பா. எல்லாப் பொண்ணுங்களுக்கும் அவங்கவங்க அப்பா செய்யறதைத்தான் கேக்கறேன். அஞ்சு நிமிஷ வேலை. உங்களுக்கு மனசு இல்லைன்னா கவுனைக் கழட்டி மடிச்சு வச்சுட்டு, வீட்டுத் துணியிலயே வந்து கேக்கை வெட்டிக்கறேன்."

"பிடிவாதம்."

"வேற யார்கிட்ட இருந்து வந்துச்சாம்?"

அவர் உதடு லேசாக அசைந்தது. சிரிப்பு வருமோ என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. எழுந்து எங்கோ போய்விட்டார்.

மூன்று மணிக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். கொல்லைப்புறத்தில், மரநிழலில் ஒற்றை நாற்காலி. அதில் தட்டைச் செருப்போடு எல்விரா. பக்கத்தில் அம்பாரோ, மடியில் செருப்புப் பெட்டியோடு.

"அழுது தொலைக்காதே" என்றாள் சிநேகிதி சேலா. "உன் கண்ணுக்கு மை எழுத எனக்கு ஒரு மணி நேரம் ஆச்சு. இன்னொரு தடவை என்னால ஆகாது."

"அழலை."

"பின்ன மூக்கு ஏன் சிவக்குது?"

"கரிப்புகை."

பேட்டோ பாட்டை நிறுத்தினான். செருப்பு மாட்டும் நேரம். அவரவர் பேச்சை விட்டுவிட்டு நாற்காலிப் பக்கம் திரும்பினார்கள். நாற்காலிக்கு முன்னால் இருந்த இடம் காலியாகவே இருந்தது. ஒரு நிமிஷம் ஆனது. இரண்டாயிற்று.

பேட்டோ கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தான். "நான் மாட்டிவிடவாக்கா?"

"வேண்டாம்டா. பாட்டைப் போடு." அவள் தலையில் இருந்த சின்னக் கிரீடத்தை இரண்டு கையாலும் கழற்றப் போனாள்.

"இருடி" என்றாள் அம்பாரோ. "அங்க பாரு."

சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு சிப்ரியானோ வந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை. அம்பாரோவின் மடியிலிருந்து பெட்டியை எடுத்தார். நாற்காலியின் கையைப் பிடித்தபடி ஒரு முட்டியைத் தரையில் ஊன்றினார், பிறகு மற்றதை. தட்டைச் செருப்பைக் கழற்றினார். மகளின் பாதத்தை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டவர், அப்படியே இருந்துவிட்டார்.

"என்னப்பா?"

"உனக்குப் பதினஞ்சு வயசு ஆனப்ப இதைத்தானே கேட்டே. செய்ய வழியில்லைன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. 'இந்த வருஷம் காலண்டர்ல உன் பிறந்தநாளே இல்லையே, எப்படிக் கொண்டாடறது'ன்னு சிரிச்சு மழுப்பிட்டு, அன்னிக்கும் உன்னை வயலுக்கு முட்டைக்கோஸ் வெட்டக் கூட்டிக்கிட்டுப் போனேன். நாப்பத்தஞ்சு வருஷம் ஆச்சும்மா. இன்னும் உறுத்துது."

எல்விரா குனிந்து, அவருடைய நரைத்த தலையோடு தன் நரைத்த தலையைச் சேர்த்துவைத்துக்கொண்டாள்.

"இந்த வருஷம் காலண்டர்ல இருக்கேப்பா, பிப்ரவரி இருபத்தொன்பது. நாலு வருஷத்துக்கு ஒண்ணுன்னு எண்ணிப் பாருங்க. அறுபது வயசாகி, இன்னிக்குத்தான் எனக்குச் சரியா பதினஞ்சாவது பிறந்தநாள்."