சிக்கன ஸ்பிரிங்

படைத் துப்பாக்கிகளுக்கு மேஜர் தணிகாசலம் தேடிப்பிடித்து வாங்கிய ஸ்பிரிங்குகள் அவ்வளவு மலிவு. ஒரு டீ விலைக்கு ஒரு மூட்டை கிடைக்கும். பழைய ஸ்பிரிங் துப்பாக்கிக்குள் போனால் மூன்று தலைமுறைச் சிப்பாய்களைப் பென்ஷனுக்கு அனுப்பிவிட்டுத்தான் வெளியே வரும். புதியதோ, பக்கத்தில் யாராவது தும்மினாலே தளர்ந்துவிடும். இருந்தாலும் அந்தச் சிக்கனத்துக்காக அவருக்குச் சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு பதக்கம் கொடுத்தார்கள். எல்லையில் இறந்துபோன சிப்பாய் செம்பியனின் இறுதி மரியாதைக்கும் அதைக் குத்திக்கொண்டுதான் வந்தார்.

வீரர்கள் வரிசையாக நின்று வானத்தை நோக்கி விசையை அழுத்தினார்கள். 'டிக்' என்றது. மறுபடியும் 'டிக்'. ஒன்றுகூட வெடிக்கவில்லை. ஊரே ஒரு பெரிய கடிகாரத்துக்குள் நிற்பதுபோல இருந்தது. ஸ்பிரிங்தான் என்று மேஜருக்கு மட்டும் தெரியும். பூமி பிளந்து வழிவிடுமா என்று பார்த்தார்; அது அசைந்துகொடுக்கவில்லை.

செம்பியனின் அப்பா பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். "ரொம்ப நன்றிங்க ஐயா. புள்ள அழுது அழுது இப்பத்தான் தூங்குச்சு. வெடிச் சத்தத்துல எந்திரிச்சிடுமோன்னு பயந்துட்டிருந்தேன். சத்தமில்லாமலே சுட்டுட்டீங்க."

மேஜர் தொப்பியைக் கழற்றிப் பதக்கத்தை மூடிக்கொண்டார். அதுவும் ஒரு மரியாதை போலிருக்கிறது என்று கூட்டம் முழுவதும் துண்டை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டது.

பெரியவர் குரலைத் தாழ்த்தினார். "அங்க எல்லையில என் மவன் கையில இருந்ததும் இதே மாதிரி சத்தம் போடாத துப்பாக்கிதானுங்களா?"