ஐந்தைத் தாண்டினால்

ரத்தம் பார்க்கிறவனின் கழுத்தைப் பிடித்து அலமாரியோடு சேர்த்துச் சாத்தினேன். கண்ணாடிக் குழாய்கள் பொலபொலவென்று கொட்டி நொறுங்கின.

“இன்னொரு தடவ பாருடா!”

“மூணு தடவ பாத்துட்டேன் சார். மூணு தடவையும் ஒம்போதுக்கு மேலதான் வருது.”

மூக்கிலேயே ஒரு குத்து விட்டேன். லாரியில் மூட்டை ஏற்றுகிற கை. அவனது வெள்ளைக் கோட்டு சிவந்துபோயிற்று. ஒல்லி உடம்பு, பாவம். பாவம் பார்க்கிற நிலையில் நான் இல்லை.

அண்ணனுக்கு நாக்கில் புற்றுநோய். நாளை மறுநாள் ஆபரேஷன் என்று நாள் குறித்தாயிற்று. அதற்குள் பெரிய டாக்டர் ஒரு கணக்கைக் கிளப்பினார். ரத்தத்தில் இரண்டு வகை வெள்ளையணுக்கள். ஒன்றை இன்னொன்றால் வகுத்தால் ஓர் எண் வருமாம். குறைந்தால் ஆள் பிழைப்பான். ஐந்தைத் தாண்டினால் கத்தி வைத்தும் பிரயோஜனமில்லை, வலிக்கு மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றார்.

போன வாரம் அண்ணனுக்கு நாலே முக்கால். இன்றைக்கு வருவதுதான் முடிவு.

நாற்காலியைத் தூக்கி அந்த மெஷின் மேல் ஓங்கினேன். பின்னாலிருந்து யாரோ இடுப்பைக் கட்டிப் பிடித்தார்கள்.

அண்ணன்தான். பேச வராது, மூச்சுதான் இரைந்தது. நாற்காலியைப் பிடுங்கி எறிந்துவிட்டு என் கன்னத்தில் பளாரென்று ஒன்று விட்டான். காது அடைத்தது. அப்புறம் கீழே கிடந்தவனின் மூக்கைத் தன் துண்டாலேயே துடைத்தான். என்னைப் பார்த்து இரண்டு கையையும் விரித்தான். போகட்டும் விடு என்கிறான்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அண்ணனுடைய சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டி, நான் அடித்தவனிடமே நீட்டினேன். இதிலிருந்து எடு, காலில் விழுகிறேன் என்று கெஞ்சினேன். இரண்டு பேரும் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

இன்று காலையில் ரத்தம் எடுக்க நர்ஸ் பெயரைக் கூப்பிட்டபோது அண்ணன் கழிவறையில் வாந்தியெடுத்துக்கொண்டிருந்தான். எனக்குக் கல்லைத் தின்றாலும் செரிக்கிற உடம்பு. ஒரு நாள் காய்ச்சலென்று படுத்ததில்லை. எண் கட்டாயம் குறையும், அண்ணன் பிழைத்துக்கொள்வான் என்று நினைத்தேன்.

அவன் பெயருக்கு நான்தான் போய் உட்கார்ந்து கையை நீட்டினேன்.