பழுத்த இலை

ஆய்வுக்கூடத்து ஜன்னலோரம் இரண்டு தொட்டிகள் இருந்தன. ஒன்றில் தக்காளி; மற்றதில் செம்புச் சுரங்கத்துக் கழிவுமேட்டிலிருந்து கொண்டுவந்த களைச்செடி. இரண்டுக்கும் ஊற்றியது செம்பு உப்பு கரைத்த ஒரே நச்சுத் தண்ணீர்தான். தக்காளி வாடியது. களை தளதளவென்று நின்றது.

"உன் வேர்க்கதவு அவ்வளவு கெட்டியா? செம்பை உள்ளேயே விடமாட்டியா?" என்றது தக்காளி.

"அந்தம்மாவும் அப்படித்தான் நினைக்கிறாங்க," என்றது களை.

அந்தம்மா, விஞ்ஞானி குமுதவல்லி. இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கதவைத்தான் தேடுகிறார். வேரை நறுக்கி, கழுவி, அரைத்துச் சோதிப்பார். உதிர்ந்த இலைகள் துடைப்பத்தோடு போய்விடும். நாளையோடு அவருக்குப் பணி ஓய்வு, தொட்டிகளுக்குக் குப்பைமேடு.

அறையைக் காலி செய்ய அவரே பெருக்கினார். காலடியில் ஒரு பழுத்த இலை. குனிந்து எடுத்த கை நின்றது.

"இதையும் ஒரு தடவை பார்த்துடுவோமே."

கருவி காட்டிய எண்ணை அவர் நம்பவில்லை. மூன்றாம் முறையும் அதே எண்தான். வேரில் இருப்பதைப்போல நூறு மடங்கு செம்பு!

"அடிப் பாவி, நீ கதவைச் சாத்தவே இல்லையா! உள்ளே விட்டு, இலைக்குள்ள ஒரு அறையில போட்டுல்ல பூட்டியிருக்கே!"

தொட்டியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, கத்தியபடியே வராந்தாவில் ஓடினார். எல்லா அறைகளும் திறந்தன. கைதட்டல் அடங்க நெடுநேரமானது.

திரும்பி வந்த களையிடம் தக்காளி கேட்டது: "இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"எங்க வம்சமே தினமும் அவங்க காலடியில இலையைப் போட்டுச் சொல்லிச்சு," என்றது களை. "இன்னிக்குத்தான் குனிஞ்சாங்க."