மாப்பிள்ளையின் ரசனை

“அடடா, இங்க பாரேன் ஷீனா,” என்றபடி ஜெப்சன் மறுபடியும் காரை ஓரங்கட்டினான். ஏற்காடு மலைப்பாதையில் இன்னும் பாதி தூரம்கூட ஏறவில்லை. அதற்குள் இது எத்தனையாவது ‘இங்க பாரேன்’ என்று அவன் மனைவிக்கே மறந்துபோயிருந்தது.

கல்யாணமாகி முதன்முதலாக மாமியார் வீட்டு விருந்துக்குப் போகிறார்கள். மலைமேல் மஞ்சக்குட்டையில் இருக்கும் ஷீனாவின் வீட்டில் பிரியாணியை இறக்கி வைத்தாகிவிட்டது. புது மாப்பிள்ளை கை நனைக்காமல் வேறு யாரும் பந்தியில் உட்காரக் கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். சொந்தபந்தம் மொத்தமும் பசியோடு காத்துக் கிடந்தது.

மாப்பிள்ளையோ தடுப்புச் சுவரில் கையை ஊன்றி, கீழே சேலத்தை ரசித்துக்கொண்டிருந்தான். ஒருவழியாகத் திரும்பி வந்து காரை எடுத்தான்.

அடுத்த வளைவு நெருங்கும்போது மேலேயிருந்து பஸ் ஹாரன் கேட்டது. உடனே ஜெப்சனுக்கு மிளகுக்கொடி ஏறிய ஒரு சில்வர் ஓக் மரம் ரொம்பப் பிடித்துப்போனது. கார் நின்றது.

ஷீனாவின் போன் அடித்தது. அம்மா அமலி.

“எங்க கண்ணு வாரீங்க? உங்க பெரியப்பா சுகர் மாத்திரையப் போட்டுட்டு இலையவே பாத்துட்டு உக்காந்திருக்காரு.”

“வந்துட்டே இருக்கறோம்மா. அவரு மலைய ரசிச்சுட்டு வாராரு.”

“நொம்ப ரசனைக்காரருதான் போ. சாப்புட்டுட்டு வந்து ரசிச்சா மலை என்ன ஓடியா போயிரும்?”

எஸ்டேட் ஜீப் ஓட்டும் அப்பா லூர்துராஜ் போனை வாங்கினார். “மாப்ளகிட்ட குடு சாமி. ஏனுங்க மாப்ள, நான் வந்து கூட்டிட்டு வாரேன்னேன். மலை ரோடெல்லாம் எனக்குத் தண்ணிபட்ட பாடுன்னீங்க. வண்டி ஏதாச்சும் மக்கர் பண்ணுதுங்களா?”

“அதெல்லாம் இல்லீங்க மாமா,” என்றான் ஜெப்சன். “எடம் அப்படிங்க. விட்டுட்டு வரவே மனசு வரமாட்டேங்குது.”

இன்னும் கொஞ்சம் ஏறினார்கள். பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி. மலையும் இல்லை, சேலமும் இல்லை, ஒரே வெள்ளை. மறுபடி ஹாரன் கேட்டது. ஜெப்சன் காரை நிறுத்தி இறங்கினான்.

“என்ன அழகு பாரு,” என்றான், அந்த வெள்ளையைப் பார்த்து.

ஷீனாவுக்குச் சிரிப்பு வந்தது. வியர்வையில் நனைந்திருந்த அவன் சட்டையைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது. பெரியப்பாவை நினைத்தால் பயமாக இருந்தது. வளைவை அடைத்துக்கொண்டு திரும்பிய பஸ் அவர்களைத் தாண்டி இறங்கிப் போனது.

அவள் மெல்ல நகர்ந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கினாள்.

“பஸ்ஸுக்குப் பயந்துட்டு இன்னும் எத்தன தடவைங்க மலையப் பாப்பீங்க? ஏறுங்க, நான் ஓட்டறேன். எங்க ஊட்டுக்கு முந்தின வளைவுல மாறிக்கலாம்.”