கேட்பாரில்லாத செருப்பு

உன்னத இலக்கியத்தின் முன்னால் நிற்கிற மனிதனால் பொய் சொல்லவே முடியாது.

எங்கள் தமிழாசிரியர் சோமசேகரன் சார் இதைச் சொன்னபோது வகுப்பில் நின்றுகொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான். மத்தியானச் சாப்பாடு முடிந்த முதல் பீரியட். பதினொன்றாம் வகுப்பு பி பிரிவில் பாதிப் பேர் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தோம்.

1996-ஆம் வருஷம் அது. எங்களை உய்விப்பது என்று சார் முடிவு கட்டியிருந்தார். பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு கதையை ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தார்.

மூன்றே பக்கம். ஒருவன் பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிறான். வார் அறுந்து ஆணி அடித்த செருப்பைக் காவலில் விட்டுவிட்டுப் போகிறான். திரும்பி வந்து வாங்கவில்லை. கதை முடிந்துவிட்டது.

ஏன் வாங்கவில்லை என்று கதையில் இல்லை. நோட்ஸில் பார்க்கலாம் என்றால் நோட்ஸே கிடையாது. சார்தான் வாரம் ஒரு பீரியட் அந்த மூன்று பக்கத்துக்குள் எங்களைச் சுற்றிச் சுற்றிக் கூட்டிப்போனார். நாங்கள் போய்ச் சேர்ந்த இடம் துறவு. செருப்பை விட்டான், அதனால் உலகத்தை விட்டான். கேட்க நன்றாக இருந்தது.

நவம்பரில் சென்னைப் பத்திரிகை ஒன்றில் சாரின் கட்டுரை வந்தது. அந்தக் கதையை இதுவரை யாரும் இப்படிப் படித்ததில்லை என்று பத்திரிகைக்காரரே மேலே நாலு வரி எழுதியிருந்தார். பிரேயரில் தலைமையாசிரியர் அறிவித்தார். பத்திரிகையை யாரும் தூக்கிக்கொண்டு போகாமலிருக்க நூலக மேஜைக் காலோடு சணல் போட்டுக் கட்டி வைத்தார்கள். நாங்கள் கைதட்டினோம். படிக்கவில்லை.

அரையாண்டுத் தேர்வில் சார் அந்தக் கதையையே பத்து மார்க்குக் கேட்டார். விடைத்தாள் கட்டில் பாதியைத் திருத்தியது இன்னொரு தமிழாசிரியரான ராஜேந்திரன் சார்.

ஜனவரியில் ஒரு நாள், சோமசேகரன் சாரின் பீரியடில், ராஜேந்திரன் சார் ஒரு கையில் விடைத்தாளும் ஒரு கையில் சணலோடு பத்திரிகையுமாக வகுப்புக்குள் வந்தார். திருட்டைக் கண்டுபிடித்தவருக்கு உண்டான சந்தோஷம் முகத்தில் தெரிந்தது.

பாஞ்சாலையை எழுந்து நிற்கச் சொன்னார். தமிழில் எப்போதும் அவள்தான் முதல் மார்க்.

முதலில் கட்டுரையைப் படித்தார்: "பௌர்ணமி கழிந்த விடியலில், செருப்புக் காவலரான என் தந்தையின் அருகில் அமர்ந்து, கேட்பாரற்றுக் கிடக்கும் செருப்புகளை நோக்கியிருக்கிறேன். அவற்றுள் ஒன்றேனும் புதியதன்று."

பிறகு விடைத்தாள்: "பௌர்ணமி முடிந்து விடிந்ததும் கேட்பாரில்லாத செருப்புகள் கிடக்கும். எல்லாம் பிய்ந்தவை. புதுச் செருப்பை யாரும் விட்டுவிட்டுப் போவதில்லை, அடுத்தவர் புதுசைப் போட்டுக்கொண்டு போனவர்கள் விட்டதுதான் இது என்று என் அப்பா சொல்வார். கதையில் வருகிறவனும் துறவி இல்லை."

எங்களுக்குத் தூக்கம் போய்விட்டது.

பாஞ்சாலை விடைத்தாளைப் பார்க்கவில்லை. பத்திரிகையைப் பார்த்தாள். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த சோமசேகரன் சாரைப் பார்த்தாள். அப்புறம் வேறு எங்கேயும் பார்க்கவில்லை.

"ஏம்மா, கருத்தை எடுத்துக்கிட்டே, சரி" என்றார் ராஜேந்திரன் சார். "சாரோட அப்பாவையுமா எடுத்துக்குவே?"

வகுப்பு சிரித்தது. நல்ல சிரிப்பு. கடைசி பெஞ்சு டெஸ்க்கைத் தட்டியது.

பத்து மார்க் போச்சு என்றார் ராஜேந்திரன் சார். காப்பியடித்தேன் என்று மன்னிப்புக் கடிதம் எழுதி, அப்பா கையெழுத்தோடு கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் பன்னிரண்டாம் வகுப்புக்கு ஏற்ற மாட்டார்கள்.

"நீங்க சொல்லுங்க சார்" என்றாள் பாஞ்சாலை, சோமசேகரன் சாரிடம்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஜன்னல் வழியே மலையைப் பார்த்தார். அந்த ஜன்னலில் மலை நன்றாகத் தெரியும்.

"விடுங்க ராஜேந்திரன், கொழந்தைங்க. என்னை இவ்ளோ ஊன்றிப் படிச்சிருக்கா பாருங்க, அது போதும். நான் மன்னிச்சுட்டேன்."

அந்தப் பெருந்தன்மைக்கு ராஜேந்திரன் சாரே தலைவணங்கினார். ஆனாலும் கடிதம் கடிதம்தான் என்றார்.

நோட்டுப் புத்தகத்தின் நடுவிலிருந்து தாளைக் கிழித்து பாஞ்சாலை அங்கேயே எழுதினாள். 'சார் எழுதியதைப் பார்த்து எழுதிவிட்டேன்' என்ற இடத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது. மறுநாள் கையெழுத்தோடு கொண்டுவந்து கொடுத்தாள். வகுப்பில் அதற்கப்புறம் எந்தக் கதையைப் பற்றியும் அவள் வாய் திறக்கவில்லை.

ராஜேந்திரன் சார் மாயவரத்திலிருந்து மாற்றலாகி வந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

கையெழுத்துப் போட்ட பாஞ்சாலையின் அப்பா அப்பாதுரை, மலை சுற்றும் பாதையில் அடி அண்ணாமலையில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி செருப்புக் காவல் இருப்பவர். பாஞ்சாலை இதையெல்லாம் ஜூலையிலேயே வகுப்பில் எழுந்து சொன்னாள். சார் சாக்பீஸை வைத்துவிட்டு, பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து, "மெதுவா சொல்லும்மா" என்று கேட்டு எழுதிக்கொண்டார். நாற்பத்திரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சாரின் அப்பா பெரிய கோயிலில் குருக்கள். அரையாண்டுத் தேர்வுக்கு முதல் நாள் நாங்கள் எல்லோரும் வரிசையில் நின்று அவர் கையால்தான் விபூதி வாங்கிக்கொண்டோம்.